ஆர்டிஸைக் கேட்காமல் வரைந்த கோபுரம்

வெர்டாலில் யாராவது உங்களிடம் "ம்ம்... வித்தியாசமாத்தான் இருக்கு" என்று சொன்னால், காட்டிய பொருளைச் சத்தம் போடாமல் மூடி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுங்கள். அதற்கு மேல் அங்கே உங்களுக்கு வேலை இல்லை. புதுத் தொப்பி போட்டுக்கொண்டு சர்ச்சுக்கு வந்த பெண்ணிடம் ஒருத்தி அப்படிச் சொன்னாள். அந்தத் தொப்பி அதற்குப் பிறகு கோழிக்கூண்டில் முட்டை பொறுக்கத்தான் பயன்பட்டது. ஆனால் "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டார்கள் என்றால் உங்களுக்கு உச்சி குளிர்ந்து போகலாம். எங்கள் ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. மார்லிஸ் ட்வீட்டனின் புருஷன் கோர்டி அவளிடம் சொன்ன அதிகபட்சக் காதல் வசனமே "நீ பரவாயில்லடி" என்பதுதான். அதுவும் மகள் பிறந்த அன்று, ஒரே ஒரு முறை.

நார்வேயிலிருந்து வந்து மினசோட்டாக் குளிரில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். வாயைத் திறந்து "பிடிக்கல" என்று சொல்வதற்குள் எங்களுக்கு ஆயுசே முடிந்துவிடும். இதை யாராவது ஒரு புண்ணியவான் புதிதாக வந்த பல்கலைக்கழகத் தலைவரின் காதில் போட்டிருக்கலாம். போட வேண்டியவள் மார்லிஸ். அவளும் வெர்டால்காரிதானே, என்ன செய்வாள்!

மார்லிஸ் பால் வண்டி ஓட்டியவர் ஒருவரின் கடைசி மகள். பல்கலைக்கழகத்துக்கு அவள் வந்தது படிக்க அல்ல, தட்டச்சு அடிக்க. நன்கொடை அலுவலகத்தில் ஜன்னலோர மேசை. பழைய மாணவர்களுக்கும் பணக்காரர்களுக்கும் கடிதம் எழுதிக் கட்டடம் கட்டக் காசு திரட்டுகிற இடம் அது. ஒரு ஜனவரி காலையில் அலுவலக அதிகாரியின் கார் பனியில் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. அன்றைக்கு அவர் ஹௌகன் வீட்டுக்குப் போவதாக இருந்தார். ஹார்லன் ஹௌகன் என்றால் வான்கோழி. வான்கோழி என்றால் ஹார்லன் ஹௌகன். அந்த வட்டாரத்தில் பண்டிகைக்கு வெட்டுகிற வான்கோழியில் பாதி அவர் பண்ணையில் வளர்ந்ததுதான். பெரிய மனிதரைக் காக்க வைக்கக் கூடாது என்று, அந்தப் பாதையில் குடியிருந்த மார்லிஸை அனுப்பினார்கள். "சும்மா போய் மன்னிப்பு கேட்டுட்டு வந்துடு" என்றார்கள்.

அவள் கையில் ஒரு காகிதம்கூட இல்லை. சமையலறை மேசையில் உட்கார வைத்து ஹார்லன் கேட்டார்: "இப்போ என்ன கட்டப் போறீங்க?"

"தெரியலைங்க. உங்களுக்கு என்ன தோணுது?"

அடுப்பின் பக்கம் நின்றிருந்த அவர் மனைவி ஆர்டிஸ் சட்டென்று திரும்பினாள். "அப்பாடா! ஒரு ஆளாவது கேட்டாளே!"

விஷயம் இதுதான். அதற்கு முன்பு ஹார்லன் கொடுத்த பணத்தில் பல்கலைக்கழகம் ஓர் இசை அரங்கம் கட்டியிருந்தது. திறப்பு விழா அன்றுதான் அதை அவர் கண்ணால் பார்த்தார். இருக்கைகளை யாரோ நகரத்துக்காரர் அளவெடுத்துச் செய்திருந்தார். ஹார்லனோ கதவை நிறைக்கிற ஆள். உட்காரப் பார்த்தார், முடியவில்லை. தன் பெயர் எழுதின அரங்கத்தில், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, கச்சேரி முடியும்வரை பின்சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். யாரிடமும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கேட்டவர்களிடம் "வித்தியாசமாத்தான் இருக்கு" என்றார், அவ்வளவுதான்.

அன்று மார்லிஸ் காபி குடித்து முடிப்பதற்குள், பனிச்சறுக்கு அரங்கம் ஒன்று கட்டலாம், பிள்ளைகள் விளையாடுவதைப் பார்க்க வருகிற அம்மாக்கள் உட்காரும் பெஞ்சு சூடாக இருக்க வேண்டும் என்று ஹார்லனும் ஆர்டிஸும் சண்டை போட்டு முடிவு செய்திருந்தார்கள். அவள் பணம் என்ற சொல்லையே எடுக்கவில்லை. அதிலிருந்து அவள் வேலை செய்கிற முறையே அதுவாகிப் போனது. எவனும் ஒரு கோடு கிழிப்பதற்கு முன்னால், கையை வீசிக்கொண்டு போய்ப் பணம் கொடுக்கப் போகிறவர்களின் சமையலறையில் உட்காருவாள். "முதல்ல காதால கேக்கணும், அப்புறம்தான் வாயால கேக்கணும்" என்பாள். இப்படியே தட்டச்சு மேசையிலிருந்து அலுவலகத் தலைமை வரைக்கும் வந்துவிட்டாள்.

ஹார்லன் இறந்தபோது, சர்ச் நிலவறையில் சாப்பாடு. எல்லோரும் தட்டோடு நிற்க, ஆர்டிஸ் அவளை ஓரமாக இழுத்துப் போனாள்.

"மார்லிஸ், எனக்கு ஒரு வாக்கு குடு. அடுத்த தடவை நீங்க எதையாவது கட்டறதா இருந்தா, வரையறதுக்கு முன்னாடி எங்கிட்ட வா. வரைஞ்சுட்டு வராதே. என்னையும் சுவரோரமா நிக்க வெச்சுடாதே."

"சத்தியமா வரேன் ஆர்டிஸ்."

வெர்டாலில் சத்தியம் என்று யாரும் லேசில் சொல்வதில்லை. அதுவரை மார்லிஸும் சொன்னது கிடையாது.

புதுத் தலைவர் வந்தது அதற்கு அடுத்த வருஷம். டாக்டர் வின்ஸ் ரினால்டி, நியூ ஜெர்சிக்காரர். குள்ளமான, உருண்டையான, ஓயாத மனிதர். பார்த்தவரையெல்லாம் கட்டிப் பிடித்தார். எங்கள் ஊரில் கல்யாணம் ஆனவர்களே அப்படிக் கட்டிப் பிடிப்பதில்லை. ஆனாலும் ஆளைப் பிடிக்காமல் போகவில்லை. பனி வாருகிற தொழிலாளியிடமும் அதே சத்தம், அதே சிரிப்பு. வந்த வேகத்தில் பெரிய நன்கொடை இயக்கம் ஒன்று நடத்தியே தீர வேண்டும் என்று கிளம்பினார். ஏரிக்கரையில் முழுக்க முழுக்கக் கண்ணாடியால் ஆன ஒரு கோபுரம். உள்ளே என்ன என்று கேட்டால், "எதிர்காலம்!" என்றார்.

"டாக்டர், ஆர்டிஸ் ஹௌகனை முதல்ல ஒரு வார்த்தை..." என்று மார்லிஸ் ஆரம்பித்தாள்.

"பாக்கலாம், பாக்கலாம், எல்லாரையும் பாக்கலாம்!"

அந்த நேரம் பார்த்து ஃபார்கோ நகரத்தில் இருந்த அவள் மகளுக்குத் தலைப்பிரசவம். மார்லிஸ் போய்விட்டாள். பேத்தியின் முகத்தைப் பார்த்ததும் கோபுரமாவது கோவிலாவது, எல்லாம் மறந்து போனது. திரும்பி வந்தபோது அலுவலகத்தின் நடுவில் ஒரு மேசை, அதன் மேல் கண்ணாடிக் கோபுரத்தின் மாதிரி, சுற்றிலும் விரல் உயரத்துக்குப் பச்சை மரங்கள். சுவரில் சுவரொட்டிகள் வேறு! ரினால்டி தலைகால் புரியாமல் ஓடி வந்தார்.

"மார்லிஸ்! பாட்டி ஆயிட்டீங்களாமே, வாழ்த்துக்கள்! இங்கயும் நல்ல சேதி. ஆர்டிஸ், லைல் ஃபாஸ், வென்டெல் ரூட், மூணு பேரையும் விருந்துக்குக் கூப்பிட்டு இதைக் காட்டினேன். மூணு பேருக்கும் பிடிச்சுப் போச்சு!"

லைல் பனி வாரும் இயந்திரத்துக்குத் தகடு செய்கிறவர். வென்டெலுக்கு மாவட்டம் முழுவதும் தானியக் கிடங்குகள். ஆர்டிஸோடு சேர்த்து இந்த மூவரும் இல்லாமல் வெர்டாலில் ஒரு கோழிக்கூண்டுகூடக் கட்ட முடியாது.

"என்ன... என்ன சொன்னாங்க டாக்டர்?"

"லைல் 'சுவாரஸ்யமா இருக்கு'ன்னார். வென்டெல் 'நிறையக் கண்ணாடி'ன்னு ஆச்சரியப்பட்டார். ஆர்டிஸ் ரொம்ப நேரம் பாத்துட்டு, 'வித்தியாசமாத்தான் இருக்கு'ன்னாங்க. வித்தியாசம்! அதைத்தானே நான் இத்தனை நாளா சொல்லிட்டு இருக்கேன்! பழைய மாணவர் திருநாள் சனிக்கிழமை, மைதானத்துல அறிவிச்சுடறோம்."

 சொல்ல வேண்டியது மார்லிஸின் நாக்கு நுனிவரை வந்தது. "அப்படியா" என்று மட்டும் சொல்லி, மிச்சத்தை மென்று விழுங்கிவிட்டாள்.

வீட்டில் கோர்டி சூப்பைக் கலக்கிக்கொண்டிருந்தான். மின்கம்பம் ஏறி ஓய்வு பெற்றவன், வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை.

"அவர்கிட்ட எடுத்துச் சொன்னியா?"

"சொன்னேன்."

"என்னன்னு?"

"'அப்படியா'ன்னு."

கோர்டி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். "அடி மார்லிஸ்! அவரு நியூ ஜெர்சிக்காரருடி. அங்கெல்லாம் குட்மார்னிங் சொல்றதே கார் ஹாரன்லதான். உன் 'அப்படியா' அவர் காதுல எறும்பு ஊர்ற சத்தம்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் காலையிலேயே ஆர்டிஸ் வீட்டுக்குக் காரை விட்டாள்.

ஆர்டிஸ் கதவைத் திறந்தாள், சிரித்தாள், உள்ளே வரச் சொன்னாள். மகள் எப்படி, குழந்தை எப்படி என்று எல்லாம் முறையாக விசாரித்தாள். அந்த முறைதான் மார்லிஸுக்குப் பயமாக இருந்தது. இத்தனை வருஷமாக அந்த வீட்டில் அவளை யாரும் முறையாக நடத்தியதில்லை. வந்ததும் துண்டைக் கையில் கொடுத்துப் பாத்திரம் துடைக்கச் சொல்வார்கள்.

"காபி குடிக்கிறியா?" என்றாள் ஆர்டிஸ்.

"ஐயோ, வேண்டாம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

எங்கள் ஊரில் இது ஒரு பேச்சே இல்லை. முதல் தடவை கேட்டால் வேண்டாம் என்போம். மறுபடி கேட்பார்கள், சேச்சே, இப்போதான் குடிச்சேன் என்போம். மூன்றாவது தடவை, அட சும்மா ஒரு வாய் என்பார்கள்; சரி, அரைக் கோப்பை போதும் என்று சொல்லி முழுதாகக் குடிப்போம். குழந்தைக்குக்கூட இது தெரியும். மார்லிஸ் இரண்டாவது தடவைக்காகக் காத்திருந்தாள்.

ஆர்டிஸ் கேட்கவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டு ஜன்னல் வழியே வான்கோழிக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பின் மேல் காபி கொதித்து மணந்துகொண்டிருந்தது. மார்லிஸுக்குக் கன்னத்தில் அறை வாங்கினது போல ஆகிவிட்டது. எழுந்தாள், கோட்டை மாட்டினாள், வெளியே வந்து காருக்குள் உட்கார்ந்தாள். அழுதாள். பணம் போகட்டும், பல்கலைக்கழகத்துக்கு வேறு யாராவது கிடைப்பார்கள். ஆர்டிஸுக்குக் கொடுத்த வாக்குப் போய்விட்டதே! ஆர்டிஸின் சமையலறை மேசை ஒன்றில்தான் அவள் மனுஷியாக உட்கார்ந்திருந்தாள், மற்ற இடமெல்லாம் அவளுக்கு உத்தியோகம்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகத் தலைவரின் அறைக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை. எங்கள் ஊர்க் கணக்கில் அதுவே கலவரம்.

"டாக்டர், அவங்களுக்குப் பிடிக்கல."

"எவங்களுக்கு?"

"ஆர்டிஸுக்கு. லைலுக்கு. வென்டெலுக்கு. யாருக்கும் பிடிக்கல. சுத்தமாப் பிடிக்கல." சொல்லி முடித்ததும் அவளுக்கே மூச்சு வாங்கியது. பிறந்ததிலிருந்து அவள் இப்படி ஒரு வாக்கியம் பேசினதில்லை.

ரினால்டி வாயைத் திறந்தபடி நின்றார். "பிடிக்கலன்னா அன்னிக்கே சொல்லி இருக்கலாமே?"

"சொன்னாங்களே! 'வித்தியாசமா இருக்கு'ன்னு சொன்னாங்களே!"

"அது பாராட்டு இல்லையா?"

"இங்க அது இரங்கல் செய்தி, டாக்டர்!"

"அப்போ 'சுவாரஸ்யம்'?"

"அது அதைவிட மோசம்."

அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். முகம் சிவந்தது. இன்றோடு நம் வேலைக்குச் சீட்டுக் கிழிந்தது என்று மார்லிஸ் நினைத்தாள். "எங்க ஊர்ல பிடிக்கலன்னா சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிவாங்கம்மா!" என்று அவர் கத்தினார். "என் சொந்த மாமா எறிஞ்சிருக்கார், என் கல்யாணத்துல! இந்த ஊர்ல மனுஷன் எப்படித் தெரிஞ்சுக்கறது? நான் வந்த அன்னிக்கு என் பேச்சை எல்லாரும் 'சுவாரஸ்யம்'னாங்களே!" சொல்லிவிட்டு ஒரு கணம் யோசித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து அடங்கியதும் சன்னமான குரலில் கேட்டார்: "இப்போ என்ன பண்ணலாம், மார்லிஸ்?"

"சனிக்கிழமை அறிவிப்பை நிறுத்துங்க. எங்கூட ஆர்டிஸ் வீட்டுக்கு வாங்க. அந்தக் கோபுரப் பொம்மை வேண்டாம், சுவரொட்டி வேண்டாம், கையில ஒண்ணுமே வேண்டாம்."

"போய் என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாதீங்க. அதுதான் முக்கியம். குடுத்ததைச் சாப்பிட்டுட்டு, கேட்டுக்கிட்டு இருங்க."

வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்வதற்குப் பதில் ஏரியில் குதிக்கச் சொல்லியிருந்தால் உடனே குதித்திருப்பார். அறிவிப்பை நிறுத்துவதும் லேசான விஷயம் இல்லை. சுவரொட்டி அச்சடித்தாகிவிட்டது, பத்திரிகைக்காரர்களுக்குச் சொல்லியாகிவிட்டது. அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார், தலையைச் சொறிந்தார், கடைசியில் தொலைபேசியை எடுத்து எல்லாவற்றையும் ரத்து செய்தார். செய்துவிட்டு, "என் அம்மாகூட என்னைப் பேசாதேன்னு சொன்னதில்ல" என்று முணுமுணுத்தபடி கோட்டை மாட்டினார்.

ஆர்டிஸ் அவர்களை உள்ளே விட்டாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். வந்தவர்களைச் சாப்பிடச் சொல்லாமல் அனுப்ப அவள் கோபம்கூட இடம் தராது. மேசையில் ஹாட்டிஷ் வைத்தாள். அரைத்த மாட்டிறைச்சி, மேலே உருளைக்கிழங்கு, டப்பா சூப்பு, எல்லாம் ஒன்றாக அடுப்பில் வெந்தது. மூவரும் பேசாமல் சாப்பிட்டார்கள். கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. ரினால்டி மென்றார், விழுங்கினார், மார்லிஸைப் பார்த்தார், மறுபடி மென்றார். நெற்றியில் வியர்வை. அவள் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்து வைத்திருந்தாள்.

"எப்படி இருக்கு?" என்றாள் ஆர்டிஸ், மரியாதைக்கு.

அவ்வளவுதான், அணை உடைந்தது. "ஆர்டிஸ், மன்னிச்சுக்கணும். இதுல உப்பு இல்ல. மிளகு இல்ல. பூண்டுன்னு ஒரு வஸ்து உலகத்துல இருக்கு, உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

மார்லிஸுக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது. ஆர்டிஸ் கரண்டியை வைத்தாள். ரினால்டியை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று மார்லிஸ் எழப் போனாள், பார்த்தால், சிரிக்கிறாள்!

"நான் சமைக்க ஆரம்பிச்சதுல இருந்து இந்த மேசையில உக்காந்து எல்லாரும் 'பரவாயில்லை, பரவாயில்லை'ன்னே தின்னுட்டுப் போனாங்க. ஹார்லன் உட்பட! எனக்கே இது பிடிக்காது, தெரியுமா?" என்றாள் கண்ணைத் துடைத்தபடி. "சரி, நீங்க உண்மையைச் சொன்னீங்க, நானும் சொல்றேன். உங்க கோபுரம் அசிங்கமா இருக்கு."

"எவ்வளவு அசிங்கம்?"

"நல்ல அசிங்கம். அதுல பறவையெல்லாம் மோதிச் சாகும், உள்ள இருக்கறவங்க குளிர்ல சாவாங்க."

"சரி, கோபுரம் செத்துப் போச்சு!" ரினால்டி மேசையைத் தட்டினார். "அப்போ உங்களுக்கு என்ன தோணுது? நிஜமாவே எனக்குத் தெரியல."

அவர் நடிக்கவில்லை. தெரியாதவனின் முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது அவர் முகம். ஆர்டிஸ் கொஞ்ச நேரம் மேசைத் துணியின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள்.

"போன குளிர்காலத்துல என் பேத்தி கேரிக்கு வலி எடுத்துச்சு. நம்ம ஆஸ்பத்திரியில பிரசவம் பாக்கறதை நிறுத்திட்டாங்க, ஆள் இல்லன்னு. ஃபார்கோவுக்குத்தான் போகணும். நான் கூடப் போனேன். பாதி வழியில பனிப்புயல், வண்டி நகரல. வண்டியிலயே பிறந்துடுச்சு. நான்தான் கையில வாங்கினேன். வான்கோழிக் குஞ்சைத் தவிர வேற எதையும் வாங்கிப் பழகாத கை இது.  ஊரே இதைச் சொல்லிச் சிரிச்சுது. நானும் சேர்ந்து சிரிச்சேன். ஆனா அன்னிக்குக் குழந்தை அழறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்... அந்த ஒரு நிமிஷம் எனக்கு இன்னும் தூக்கத்துல வருது."

மார்லிஸும் அந்தக் கதையைக் கேட்டுச் சிரித்தவள்தான். சிரித்தாளே தவிர, அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் பேத்தி ஃபார்கோவில் வெதுவெதுப்பான அறையில், நாலு நர்சுகள் நடுவில் பிறந்தது நினைவுக்கு வந்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"பிரசவம் பாக்க நர்சுகளைப் படிக்க வெச்சா என்ன?" என்றாள் ஆர்டிஸ். "இங்கயே. நம்ம பண்ணைப் பிள்ளைங்களையே. படிச்சுட்டு இங்கயே இருப்பாங்க."

ரினால்டி எழுந்தேவிட்டார். "அவங்க பழகறதுக்குப் பிரசவ அறை வேணும். நிஜமான அறை. ராத்திரி பகல் திறந்திருக்கணும்!"

"ஆம்புலன்ஸ் போக வழி வேணும். வழியில பனி வாரணும்."

"அதுக்கு லைல் இருக்காரே!"

"லைல் தகடு குடுப்பான், நான் வாங்கித் தரேன். வென்டெல் ஏரிக்கரை வேண்டாம்பான். சரியாத்தான் சொல்றான், அங்க காத்து வெட்டும். ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி இருக்கற இடத்தைப் பாக்கலாம். ஏங்க, கதவு அகலமா இருக்கணும், சொல்லிட்டேன்."

"எவ்வளவு அகலம்?"

"நீங்களும் நானும் சண்டை போட்டுக்கிட்டே பக்கத்துல பக்கத்துல நுழையணும்."

இரண்டு பேரும் கத்திக் கத்திப் பேசினார்கள், ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்தார்கள், உப்புக் குப்பியையும் கரண்டிகளையும் வைத்து மேசையிலேயே கட்டடம் எழுப்பினார்கள். ஆர்டிஸ் இவ்வளவு சத்தமாகப் பேசி மார்லிஸ் பார்த்ததில்லை.  யாருக்கும் மார்லிஸ் தேவைப்படவில்லை. அதுவே அவளுக்குப் பரம சந்தோஷமாக இருந்தது.

திடீரென்று ஆர்டிஸ் எழுந்து, சுவரில் மாட்டியிருந்த தொலைபேசியை எடுத்து எண்ணைச் சுழற்றினாள். வெர்டாலில் யாரும் சாப்பாட்டு வேளையில் யாரையும் தொலைபேசியில் கூப்பிடுவதில்லை.

"லைல், நான்தான். சாப்பிட்டுட்டு இங்க வா. வென்டெலையும் கூட்டிட்டு வா... இல்ல, அந்தக் கண்ணாடி இல்ல, அதை விடு. பிரசவம் பாக்கப் படிக்கிற பள்ளிக்கூடம் ஒண்ணு. கட்டறோம்." எதிர்முனையில் லைல் ஏதோ கேட்டார். ஆர்டிஸ் மார்லிஸைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்: "இல்லப்பா, அவங்க இல்ல. நாம."

மார்லிஸ் எழுந்து கழுவுதொட்டிப் பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவி வைத்திருந்த கோப்பைகளையே எடுத்து ஒவ்வொன்றாக மறுபடி கழுவ ஆரம்பித்தாள், அவள் முகத்தை யாரும் பார்க்காதபடி.

"அடியே, துண்டு அந்த ஆணியிலதான் இருக்கு" என்றாள் ஆர்டிஸ், தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே.